ஒரு வெள்ளிச் சீட்டும் சிகரெட் கம்பெனியும்: மருத்துவச் செலவை அரசாங்கம் திருப்பிக் கேட்க முடியுமா?

ஹுத்தான் மெலிந்தாங் அரசாங்கக் கிளினிக்கில் சீட்டு எடுக்க ஒரு வெள்ளி. நிபுணரைப் பார்க்கத் தெலுக் இந்தான் மருத்துவமனைக்கு அனுப்பினால் ஐந்து வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்க வைத்தால் நாளுக்கு மூன்று வெள்ளி. அதையும் தாண்டினால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. தோட்டத்தில் முப்பது நாற்பது வருடம் உழைத்து, அதே முப்பது நாற்பது வருடம் சிகரெட் இழுத்து, இன்று நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் ஒரு பெரியவர் தன் கையிலிருந்து கட்டுவது ஏறக்குறைய இவ்வளவுதான். ஸ்கேன், இன்ஹேலர், ஆக்சிஜன், கீமோதெராப்பி, இருதய அறுவை என்று மீதி ஆகும் செலவெல்லாம் அரசாங்கத்தின் கணக்கில் ஏறுகிறது.

அந்தக் கணக்கு சின்னதல்ல. 2022-ல் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் புகைபிடித்தல் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தபோது ஒரு விவரம் வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய், இருதய நோய், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2020-ல் 600 கோடி வெள்ளிக்கு மேல் செலவானது. 2030-க்குள் அது 870 கோடியைத் தாண்டும் என்றும் மதிப்பிட்டார்கள். ஆண்டுதோறும் புகையால் இறக்கும் மலேசியர்கள் 20,000 பேருக்கு மேல் என்பதும் அமைச்சு அடிக்கடி சொல்லும் கணக்கு.

சரி, நோயை உண்டாக்கிய பொருளை விற்று லாபம் பார்த்தவன் ஒருத்தன், ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுகிறவன் இன்னொருத்தன். கட்டியவன் விற்றவனிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாதா? இந்தக் கேள்வியை அமெரிக்க மாநிலங்களும் கனடா மாநிலங்களும் நீதிமன்றத்தில் கேட்டு, பெரும் தொகையை வாங்கியிருக்கின்றன. 2025 மார்ச்சில் கனடாவின் ஒன்தாரியோ நீதிமன்றம் 3,250 கோடி கனடா டாலர் தீர்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் பெரும்பகுதி, 2,400 கோடிக்கு மேல், மாநில அரசாங்கங்களுக்குப் போகிறது. கட்டுவது இம்பீரியல் டொபேக்கோ கனடா, ரோத்மன்ஸ் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ், ஜேடிஐ-மெக்டொனால்ட் ஆகிய மூன்று நிறுவனங்கள். இவற்றின் தாய் நிறுவனங்கள் நமக்கும் தெரிந்த பெயர்கள்தான்: பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபேக்கோ, பிலிப் மோரிஸ், ஜப்பான் டொபேக்கோ. நம் ஊர்க் கடைகளில் பல வருடங்களாகக் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் இவர்களுடையவை.

அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, இந்த வழக்குகள் எப்படி நடந்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் வழக்குப் போட்டவர்கள் நோயாளிகளும் அவர்கள் குடும்பங்களும்தான். அமெரிக்காவில் 1950-களிலேயே தொடங்கிவிட்டார்கள். சுமார் நாற்பது வருடம் அநேகமாக எல்லா வழக்கிலும் கம்பெனிகளே ஜெயித்தன. அவர்கள் வைத்த வாதம் ரொம்ப எளிமையானது: “நீயாக வாங்கினாய், நீயாகப் பற்றவைத்தாய். பெட்டியில் எச்சரிக்கை போட்டிருந்தது. பிறகு எங்களை ஏன் கேட்கிறாய்?” ஜூரிகளுக்கு அது நியாயமாகப் பட்டது. போதாததற்கு, கம்பெனி பக்கம் வரிசையாக வக்கீல்கள். எதிர்ப்பக்கம் வீட்டை அடகு வைத்த ஒரு விதவை. வழக்கை இழுத்தடித்தாலே போதும்.

1990-களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு சிற்றூர் வழக்கறிஞருக்கு வேறொரு யோசனை தோன்றியது. புகையால் நோயுற்று, அரசாங்கச் செலவில் சிகிச்சை பெற்றுவந்த ஒரு பெண்மணியை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்தபின் எழுந்த யோசனை அது. நோயாளி சிகரெட் பிடித்தார், சரி. ஆனால் பில்லைக் கட்டிய மாநில அரசாங்கம் ஒரு சிகரெட்டும் பிடிக்கவில்லையே! “நீயாகத்தானே பற்றவைத்தாய்” என்று அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா? மாநிலத்தின் சட்டத்துறைத் தலைவர் மைக் மூர் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். 1994-ல் மிசிசிப்பி வழக்குப் போட்டது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் கிளம்பின.

நான்கு மாநிலங்களுடன் தனித்தனியாகச் சமரசம் செய்துகொண்ட கம்பெனிகள், 1998 நவம்பரில் மீதி 46 மாநிலங்களுடன் ஒரே ஒப்பந்தம் போட்டன. 25 வருடங்களில் 20,600 கோடி டாலர். தெருவோர விளம்பரப் பலகைகள் போயின, பிள்ளைகளைக் கவரும் கார்ட்டூன் விளம்பரங்கள் போயின. கையெழுத்துப் போட்ட அதே நாளில் கம்பெனிகள் பெட்டிக்கு 45 சென்ட் விலையை ஏற்றினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அபராதத்தின் ஒரு பகுதியைப் புகைப்பவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆனாலும் விலை ஏறியதால் பிடிப்பவர் எண்ணிக்கை குறைந்தது.

பணத்தைவிடப் பெரிய பலன் ஒன்று கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். மினசோட்டா மாநிலம் தன் வழக்கில் கம்பெனிகளின் உள்விவகாரக் கடிதங்களை, ஆய்வறிக்கைகளை, கூட்டக் குறிப்புகளைக் கேட்டு விடாப்பிடியாக நின்றது. கோடிக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்தன. மினியாபோலிஸிலும் இங்கிலாந்தின் கில்ஃபோர்டிலும் கிடங்கு அமைத்து யாரும் பார்க்கலாம் என்று வைத்தார்கள். இப்போது அவை இணையத்திலும் கிடைக்கின்றன. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் என்பதும், புகை புற்றுநோய் தரும் என்பதும் கம்பெனிகளுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரியும் என்பது அவர்கள் கைப்பட எழுதிய தாளிலேயே இருந்தது. 2006-ல் அமெரிக்க மத்திய அரசாங்கம் போட்ட தனி வழக்கில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600 பக்கங்களுக்கு மேல் தீர்ப்பு எழுதினார். ‘லைட்’, ‘மைல்டு’ என்று விற்றதும் ஏமாற்றுதான் என்று அதில் சொன்னார்.

இதில் நமக்கும் பங்குண்டு. அந்தக் கிடங்குகளில் மலேசியாவைப் பற்றிய கடிதங்களும் இருந்தன. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் பல காலம் பணியாற்றிய மேரி அசுந்தாவும் ஆஸ்திரேலியப் பேராசிரியர் சைமன் சாப்மனும் அவற்றைத் தோண்டிப் படித்து 2004-ல் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். மலேசியாவில் சிகரெட்டின் நேரடி விளம்பரத்துக்குத் தடை வந்தபின், சுற்றுலா, உடை, இசைக் கச்சேரி, விளையாட்டு என்று வேறு வேடத்தில் அதே பெயரை எப்படிக் கொண்டுசேர்த்தார்கள் என்பதைக் கம்பெனிகளின் சொந்த எழுத்தை வைத்தே காட்டினார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பேராக்காரர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். 1989 முதல் 2004 வரை மலேசியக் காற்பந்தையும் டன்ஹில் பெயரையும் பிரித்துப் பார்க்க முடிந்ததா? ஈப்போ ஸ்டேடியத்துக்குப் போனாலும் வீட்டில் டிவியில் பார்த்தாலும் அந்தச் சிவப்பும் பொன்னிறமும்தான் கண்ணில் நின்றது. “நீயாகத்தானே பிடித்தாய்” என்று இன்று சொல்கிறவர்கள், பதினைந்து வயதுப் பையன் கண்ணுக்கு எது காட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கனடாவின் வழி வேறு. அங்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் முதலில் ஒரு சட்டத்தை இயற்றியது. புகையிலையால் ஏற்பட்ட மருத்துவச் செலவை அரசாங்கம் தன் பெயரிலேயே நேரடியாக வசூலிக்கலாம். ஒவ்வொரு நோயாளியையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. மொத்த மக்கள்தொகையின் புள்ளிவிவரத்தை வைத்தே நிரூபிக்கலாம். சந்தையில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை பங்கோ, பொறுப்பிலும் அத்தனை பங்கு. பழைய காலத்துத் தவறுக்கும் இது பொருந்தும். முதல் சட்டத்தை நீதிமன்றம் தள்ளியது. 2000-ல் திருத்தி மறுபடி இயற்றி, 2001-ல் வழக்குப் போட்டார்கள். சட்டமே செல்லாது என்று கம்பெனிகள் உச்சநீதிமன்றம் வரை போயின. 2005 செப்டம்பரில் ‘செல்லும்’ என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து மாநிலங்களும் வழக்கில் இறங்கின.

கம்பெனிகள் இன்னொரு வாதமும் வைத்தன. அதை நம்மில் பலரும் சொல்வதுண்டு: “லைசன்ஸ் கொடுத்தது அரசாங்கம், வரி வாங்கியது அரசாங்கம், பிறகு கம்பெனியை மட்டும் குற்றம் சொல்லலாமா?” கனடாவின் மத்திய அரசாங்கத்தையும் பொறுப்பில் இழுக்கப் பார்த்தார்கள். 2011-ல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்தக் கொள்கையைக் கடைப்பிடிப்பது என்பது அரசாங்கம் எடுக்க வேண்டிய முடிவு, அதற்காக வழக்கில் நட்டஈடு கேட்க முடியாது என்றது.

அப்படியும் பணம் கண்ணில் படவில்லை. 2019-ல் கியூபெக் நோயாளிகளின் கூட்டு வழக்கில் மேல்முறையீட்டிலும் தோற்ற உடனே, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு மூன்று கம்பெனிகளும் நீதிமன்றத்தில் தஞ்சம் புகுந்தன. அந்தப் பாதுகாப்பிலேயே ஆறு வருடம் ஓடியது. முதல் வழக்கிலிருந்து கணக்குப் போட்டால் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

இனி தோற்றவர்கள் கதை. நமக்கு அதுதான் முக்கியம். தென்கொரியாவில் தேசிய சுகாதாரக் காப்புறுதி வாரியம்தான் மக்களின் மருத்துவச் செலவைப் பெரும்பாலும் ஏற்கிறது. 2014-ல் அந்த வாரியம் கேடி அண்ட் ஜி, பிலிப் மோரிஸ், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபேக்கோ ஆகியவற்றின் மீது 5,330 கோடி வோன் கேட்டு வழக்குப் போட்டது. நீண்டகாலம் அதிகமாகப் புகைத்து, நுரையீரல் புற்றுநோயும் தொண்டைப் புற்றுநோயும் வந்த 3,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைக் கையில் வைத்திருந்தது. 2020 நவம்பரில் சியோல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. இரண்டு காரணங்கள். சட்டப்படி மருத்துவச் செலவைக் கொடுப்பது வாரியத்தின் கடமை, கடமையைச் செய்ததால் அதற்கு நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் புற்றுநோய் சிகரெட்டால் மட்டுமே வந்தது என்றும் நிரூபிக்கப்படவில்லை. வாரியம் மேல்முறையீட்டுக்குப் போனது.

கனடாவிடம் இருந்து கொரியாவிடம் இல்லாதது எது? அந்தத் தனிச்சட்டம். ‘செலவு செய்தது உன் கடமை’ என்ற வாதத்தையும் ‘ஆளாளுக்கு நிரூபி’ என்ற வாதத்தையும் முன்கூட்டியே அடைத்துவைத்த சட்டம்.

மலேசியாவின் நிலை இந்த விஷயத்தில் கொரியாவைப் போன்றது. நமது அரசாங்க மருத்துவமனைகளின் செலவு பட்ஜெட்டில் ஒதுக்கப்படும் பணம். நாளைக்கே வழக்குப் போட்டால், மக்களுக்கு வைத்தியம் பார்ப்பது அரசாங்கத்தின் வேலைதானே, இதில் என்ன நஷ்டம் என்று எதிர்த்தரப்பு முதல் நாளே கேட்கும். தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் வேறு இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பொதுவாக ஆறு வருடம்தான் அவகாசம். 1985-ல் பிடிக்கத் தொடங்கி 2015-ல் நோய் வரும் ஒரு பொருளுக்கு ஆறு வருடம் எந்த மூலைக்கு?

2024 அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்த பொதுச் சுகாதாரத்திற்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, வேப்பையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது. விற்பனை, பதிவு, பெட்டியில் போட வேண்டிய எச்சரிக்கை, எங்கே புகைக்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பவைதான் அதன் பொருள். மருத்துவச் செலவை வசூலிப்பது அதன் வேலை இல்லை. 2007-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டே விற்கக் கூடாது என்று முதலில் வந்த பிரிவுகூட, அரசியலமைப்பின் சமத்துவ விதிக்கு முரணாகலாம் என்ற சட்டத்துறைத் தலைவரின் கருத்தைக் காட்டி 2023-ல் நீக்கப்பட்டது. அதைக் கடத்தவே இத்தனை பாடு என்றால், கம்பெனிகளிடம் பணம் கேட்கும் சட்டத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் கதவு சாத்தியிருக்கிறது என்று சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2005-ல் உறுதிப்படுத்தியது. அதன் 19-ஆவது பிரிவு, தேவைப்பட்டால் இழப்பீடு உட்படப் பொறுப்பு கேட்கும் சட்டங்களை நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. ஆதாரக் கடிதங்கள் ஏற்கெனவே வெளியே கிடக்கின்றன. புள்ளிவிவரம் அமைச்சிடம் இருக்கிறது. குறைவது நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமும் அதைக் கொண்டுவரும் துணிவும்தான்.

தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் உடனே ஒன்று கேட்பார்கள்: “இங்கே பாதிப்பேர் பிடிப்பது கள்ளச் சிகரெட். அதுக்கு யார் மேலே கேஸ் போடுவது?” நியாயமான கேள்வி. வரி கட்டாத பெட்டி பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும்போது, நாள்கூலிக்காரர் எதை வாங்குவார்? தயாரித்தவன் யார் என்றே தெரியாத பெட்டிக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. சந்தைப் பங்கை வைத்துப் பொறுப்பைப் பிரிக்கும் கனடா முறைக்கு இது பெரிய இடைஞ்சல். ஆனால் கடத்தல் என்றாலே கம்பெனிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2008-ல் கனடாவில் இரண்டு பெரிய கம்பெனிகள், 1990-களின் கடத்தல் விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதமும் சமரசத் தொகையுமாக 115 கோடி கனடா டாலர் கட்டின. தங்கள் சரக்குதான் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே வந்தது. இங்கேயும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பெட்டியின் மூலத்தைத் தேடிப்போகும் வேலையும் வழக்கில் ஒரு பங்கு என்றுதான் சொல்கிறேன்.

வழக்கு ஜெயித்தால் பணம் யாருக்கு? இதில் பலருக்குத் தவறான நம்பிக்கை உண்டு. அரசாங்கம் போடும் வழக்கில் வரும் பணம் அரசாங்கத்துக்குத்தான். ஹுத்தான் மெலிந்தாங்கில் அப்பாவை இழந்த குடும்பத்துக்கு அதிலிருந்து காசோலை வராது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் அந்தப் பணத்தைப் பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தின. புகைப்பதைத் தடுக்கவும் விடுவிக்கவும் போனது மிகச் சிறு பங்கு. அதனால் இங்கே எப்போதாவது சட்டம் வந்தால், வருகிற வெள்ளி எங்கே போக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், மாவட்ட மருத்துவமனைகளில் நெஞ்சு நோய் நிபுணர்களும், தோட்டப்புறக் கிளினிக்குகளில் மூச்சுத்திறன் சோதனைக் கருவியும்தான் முதலில் வர வேண்டும். பாகான் டத்தோவில் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறவர் ஒரு சோதனைக்காக ஈப்போ வரை போய்வருவதற்குள் ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது.

நோயாளிகளுக்கு நேரடியாகப் பணம் கிடைத்தது கியூபெக் மாதிரியான கூட்டு வழக்கில்தான். அங்கே நுரையீரல், தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் கனடா டாலர் வரை. யாருக்குத் தகுதி என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். நாளுக்கு ஒரு பெட்டி வீதம் 12 வருடம், அல்லது அதற்குச் சமமான அளவு, 1998 நவம்பருக்கு முன் புகைத்திருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு பெட்டி என்றால் ஆறு வருடம். நோய் எது, எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்கு மருத்துவத் தாள் வேண்டும்.

நம்மவர்களுக்கு இங்கேதான் இடிக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், லயன் வீட்டை விட்டு டவுனுக்கு வந்தபோதும் பலருடைய பழைய சீட்டுகள் தொலைந்துபோயின. தோட்டத்து டிரசர் எழுதிவைத்த நோட்டு இன்று எங்கே இருக்கிறதோ. டாக்டர் “புகைப்பீர்களா?” என்று கேட்டால், பக்கத்தில் மகள் நிற்கிறாளே என்று “எப்போவாவது” என்கிறோம். கார்டில் அதுதான் ஏறுகிறது. நாளைக்கு எந்தச் சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், எத்தனை வயதில் தொடங்கினோம், நாளுக்கு எத்தனை, எந்த வருடம் விட்டோம் என்பதை உள்ளபடி சொல்லி எழுதவைப்பது நல்லது. சரியான வைத்தியத்துக்கும் அதுதான் உதவும். மருத்துவமனை கொடுக்கும் தாள்களை, எக்ஸ்ரே அறிக்கைகளை, இறந்தவருடைய இறப்புச் சான்றிதழை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டை நகலும் இருக்கும் அதே பெட்டியில் இருந்தாலும் சரி.

விட நினைப்பவர்களுக்கு: அரசாங்கக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்தும் சேவை உண்டு. பதிவு செய்யும்போதே முகப்பில் கேளுங்கள். எந்த நாளில் அந்த மருத்துவர் இருப்பார் என்று சொல்வார்கள். அதற்கும் சீட்டு ஒரு வெள்ளிதான்.